13–15 வயதினருக்கான புகையிலை நாடகம்: முடிவு, நேரம், கலந்துரையாடல் பற்றி ஆலோசனை தேவை

முதல்மணி கேட்டது:

வணக்கம் தோழர்களே. 13 முதல் 15 வயது மாணவர்களுக்காகப் புகையிலை, மின்சிகரெட் பற்றி ஒரு நாடகப் பிரதி தயாராகியிருக்கிறது. நடிகர்கள் ஐந்து பேர். ஓட்டிப் பார்த்தால் 50 நிமிடம் வருகிறது. கதை இதுதான்: நன்றாக ஓடக்கூடிய மாணவன் ஒருவன் கூட்டாளிகள் வற்புறுத்தியதால் புகைக்கத் தொடங்குகிறான். வீட்டில் பொய், பந்தயத்தில் தோல்வி, கடைசியில் புற்றுநோய் வந்து சாகிறான். அதன்பின் மருத்துவர் பாத்திரம் மேடைக்கு வந்து ஐந்து நிமிடம் விளக்கம் தருகிறது. பிறகு மாணவர்களைப் பார்த்து, "கேள்வி இருந்தால் கேளுங்கள்."

மரணத்தில் முடிப்பது பலன் தருமா? ஒரே அரங்கில் 200 பேருக்கு நடத்தலாமா? சிகரெட்டை மேடையில் காட்டலாமா? இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் கேள்வி நேரம் வந்ததும் மொத்த அரங்கும் ஊமையாகிவிடுகிறதே, அதற்கு என்ன வழி? நாடகத்தால் ஏதாவது நடந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திரைக்குப்பின் எழுதியது:

முதலில் அந்த மரணத்தை எடுத்துவிடுங்கள் தோழர்.

பயமுறுத்தும் செய்தி எப்போது வேலை செய்கிறது, எப்போது செய்வதில்லை என்பதை அமெரிக்கத் தொடர்பியல் ஆய்வாளர் கிம் விட்டே 1992இல் ஒரு கோட்பாடாக வகுத்தார். ஆபத்து பெரிது என்று உணர்பவருக்கு, அதைத் தவிர்க்கத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் இருந்தால் ஆபத்தைக் குறைக்க முயல்வார். ஆபத்து மட்டும் தெரிந்து வழி தெரியாதவர் தன் பயத்தைத்தான் குறைத்துக்கொள்வார். அரங்கில் அது சாவுக் காட்சியில் கேட்கும் சிரிப்பாகவோ, "எங்க தாத்தா 80 வயசு வரைக்கும் பீடி குடிச்சாரு, ஒண்ணும் ஆகல" என்ற முணுமுணுப்பாகவோ வெளிப்படும். அந்தச் சிரிப்பைத் திமிர் என்று ஆசிரியர்கள் அதட்டுவார்கள். உண்மையில் பயத்தைத் தள்ளிவைக்க அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஒரே வழி அது.

14 வயதுக்காரருக்கு 40 ஆண்டு கழித்து வரும் நோய் எட்டாத தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதை எடுங்கள்: இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்குவது, கடைசிப் பாடவேளையில் காரணமில்லாமல் வரும் எரிச்சல், கைச்செலவுப் பணம் கரைவது, விடலாம் என்று நினைத்தும் கை தானாகப் பையைத் தேடுவது.

இந்த வயதுக்கும் இந்தப் பொருளுக்கும் பொருந்தி வருவது விவாத அரங்கு. பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த முறை. நாடகம் ஒருமுறை முழுதாக, மோசமான முடிவு வரை ஓடும். பிறகு முதலிலிருந்து மறுபடி ஓடும். இம்முறை பார்வையாளரில் யாராவது "நிறுத்து" என்றால் நடிகர்கள் அப்படியே உறைந்து நிற்க, சொன்னவர் எழுந்து வந்து நாயகனின் இடத்தில் நின்று வேறு விதமாக நடந்துபார்ப்பார். வற்புறுத்துபவனின் இடத்தை யாருக்கும் தரக் கூடாது. அவனை நல்லவனாக மாற்றிவிட்டால் சிக்கலே இல்லாமல் போய்விடும்; வெளியே அப்படி நடக்காது. ஆனால் பக்கத்தில் பேசாமல் நிற்கும் நண்பனின் இடத்தை மாற்ற விடுங்கள். பெரும்பாலான மாணவர்கள் நிஜத்தில் நிற்பது அந்த இடத்தில்தான்.

இதற்குப் பிரதியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். நாயகனுக்குத் தெளிவான ஓர் ஆசை வேண்டும் (ஓட்டப்பந்தயம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது). வேறு முடிவு எடுத்திருக்கலாம் என்று பார்ப்பவருக்குத் தோன்றும் இடம் குறைந்தது மூன்று வேண்டும். அந்த மூன்று இடத்திலும் நடிகர் பதில் சொல்வதற்கு முன் இரண்டு நொடி தயங்கி நிற்கப் பழக வேண்டும். வசனம் வேகமாக உருண்டு போனால், "நிறுத்து" என்று சொல்ல நினைத்தவர் சொல்வதற்குள் காட்சி கடந்துவிடும். யாரும் நிறுத்தவில்லை என்றால் பல நேரம் காரணம் கூச்சம்கூட இல்லை, இந்த வேகம்தான். நாயகனை முழுக்க முழுக்கப் பரிதாபப் பிறவியாக எழுதினாலும் இந்த முறை படுத்துவிடும், ஏனென்றால் அவன் இடத்தில் போய் நின்று செய்ய எதுவும் இருக்காது. அடி உதை வரும் காட்சியும் இதற்கு உதவாது.

நீளம் 15 முதல் 18 நிமிடம். நான்கு காட்சி போதும்.

பிரதியில் இன்னும் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று, வற்புறுத்துபவன் பாத்திரம் இயல்பாகவே சுவையாக அமைந்துவிடும். குழுவில் சிறந்த நடிகருக்கு அது போய்ச் சேரும், கைதட்டலும் அவருக்கே கிடைக்கும், மறுநாள் பள்ளியில் எல்லோரும் அவர் மாதிரிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அரங்கைச் சிரிக்கவைக்கும் வசனங்களை மறுத்துப் பேசும் பாத்திரத்துக்குக் கொடுங்கள். சிறந்த நடிகரையும் அங்கேயே போடுங்கள். இன்னொன்று எண்ணிக்கை. ஐந்து பாத்திரத்தில் நான்கு பேர் புகைத்தால், "எல்லோரும்தான் செய்கிறார்கள்" என்ற எண்ணத்தை நாடகமே உறுதிப்படுத்திவிடும். தம் வயதினரில் புகைப்பவர்கள் உண்மையில் இருப்பதைவிட அதிகம் என்று நினைப்பது இளையோரிடம் பரவலான பிழை. மேடையில் புகைப்பவர் ஒருவர், மிஞ்சினால் இருவர்.

200 பேர் வேண்டாம். 60 முதல் 80 பேர், அரைவட்டமாக, முன்வரிசை தரையில். நடிக்கும் இடம் தரைமட்டத்தில் 5 மீட்டருக்கு 4 மீட்டர் இருந்தால் தாராளம். உயர்ந்த மேடை என்றால் படியேறி வருவதற்கே பாதிப் பேர் தயங்குவார்கள். பார்வையாளர் பக்கம் விளக்கை அணைக்காதீர்கள்.

பள்ளிச்செவிலி எழுதியது:

சிகரெட் கேள்விக்குப் பதில்: காட்டாதீர்கள். பற்றவைக்கவே வேண்டாம், மூலிகைச் சிகரெட்டும் வேண்டாம், அணைத்த மின்சிகரெட்டும் வேண்டாம். திரைப்படங்களில் புகைக்கும் காட்சிகளைப் பார்ப்பது இளையோர் புகைக்கத் தொடங்க ஒரு காரணமாகவே அமைகிறது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 2012ஆம் ஆண்டு அறிக்கை முடிவு சொன்னது. நேரில், சில அடி தூரத்தில் பார்ப்பது அதற்குக் குறைந்ததாக இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. ஏற்கெனவே பழகிவிட்ட மாணவருக்கு அந்தப் பொருளைப் பார்த்தாலே ஆசை கிளம்பும். மூடிய கையை நீட்டினால் போதும், எல்லோருக்கும் புரியும். எப்படிப் பிடிப்பது, எங்கே ஒளிப்பது, எப்படி வாங்குவது என்று கற்றுக்கொடுக்கிற மாதிரி எந்த வசனமும் இருக்கக் கூடாது. சுவைகளின் பெயரைச் சொன்னாலே அது விளம்பரம்தான்.

மருத்துவர் பாத்திரத்தின் ஐந்து நிமிட உரையையும் விட்டுவிடலாம். நாடகம் முடிந்து மாணவர் மனதில் தங்கப்போவது இரண்டு மூன்று தகவல்தான். அந்த மூன்றையும் நீங்களே தேர்ந்தெடுத்துக் கதையின் உள்ளே வையுங்கள். என் தேர்வைச் சொல்கிறேன்.

முதலாவது, மின்சிகரெட்டிலிருந்து வருவது நீராவி என்ற நம்பிக்கை. அது நுண்துளிப் படலம். புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், சுவையூட்டிகள், பெரும்பாலானவற்றில் நிகோடின், சூடேறும் கம்பிச்சுருளிலிருந்து வரும் உலோகத் துகள்கள் எல்லாம் அதில் இருக்கும்.

இரண்டாவது, "டென்ஷன் குறையுது" என்பது. இழுத்த 20 நொடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும். இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகும். குறையக் குறைய எரிச்சல், பதற்றம், கவனச் சிதறல் வரும். அடுத்த இழுப்பு தணிப்பது பெரும்பாலும் முந்தைய இழுப்பு விட்டுப்போன பதற்றத்தைத்தான். இந்தச் சுழற்சியை வசனத்தில் விளக்காதீர்கள். ஒரே மாணவன் காலை, மதியம், மாலை மூன்று முறை அதே எரிச்சலோடு வந்து நின்றால் பார்ப்பவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மூன்றாவது, விட முடியும் என்பது. நிறுத்திய சில மணி நேரத்தில் தொல்லை தொடங்கும், முதல் இரண்டு மூன்று நாள் உச்சம், பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாகத் தணியும். ஒவ்வொரு தடவையும் கிளம்பும் ஆசை சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஏற்கெனவே தொடங்கிவிட்ட பிள்ளைகளும் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். "தொட்டால் முடிந்தது" என்று நாடகம் சொன்னால் அவர்களுக்கு வாசல் அடைபடுகிறது. பழக்கத்தை விட உதவும் நிகோடின் ஒட்டுப்பட்டை, நிகோடின் சூயிங்கம் பற்றி மேடையில் பேச வேண்டாம். அந்த வயதில் அது மருத்துவர் ஆளைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது.

கேள்வி நேரத்துக்குச் சீட்டு முறைதான் சரி. உள்ளே வரும்போதே ஒரே அளவுச் சீட்டும் ஒரே நிறப் பேனாவும் எல்லோருக்கும் கொடுங்கள். நாடகம் முடிந்ததும் எல்லோரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர் நாடகத்தில் நினைவிருக்கும் ஒரு வரியை எழுதட்டும். விருப்பமுள்ளவர் மட்டும் எழுதலாம் என்றால் எழுதுகிறவர் மேல்தான் எல்லார் கண்ணும் விழும். நான்காக மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். நெறியாளர் சத்தமாகப் படிக்கும் முன் ஒருமுறை மனதுக்குள் படித்துவிட வேண்டும், சிலர் நண்பர் பெயரை எழுதிவிடுவார்கள். நேரத்துக்குள் முடியாத கேள்விகளுக்குப் பதில் எழுதி மூன்று நாளுக்குள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். பதில் தெரியாத மருத்துவக் கேள்விக்கு நடிகர் ஊகித்துப் பதில் சொல்லவே கூடாது.

"உங்களில் யார் புகைத்துப் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கை தூக்கச் சொல்லும் பழக்கம் பல இடத்தில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தூக்கியவர் மாட்டிக்கொள்வார், தூக்காதவர் பொய் சொல்லக் கற்றுக்கொள்வார். நிகழ்ச்சி முடிந்தபின் யாராவது தனியாக வந்து பேசினால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று நடிகர்கள் வாக்குக் கொடுக்கக் கூடாது. பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் பள்ளியின் பொறுப்பாளரிடம் சொல்லியாக வேண்டும். அந்தப் பொறுப்பாளர் யார், எந்த அறையில் இருப்பார், எத்தனை மணி வரை இருப்பார் என்பதை நாடகம் தொடங்கும் முன்பே உறுதிசெய்து, முடிவில் அவரை எழுந்து நின்று முகம் காட்டச் சொல்லுங்கள்.

முதல்மணி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மரணம் போய்விட்டது, மருத்துவரும் போய்விட்டார். விவாத அரங்கை யார், எப்படி நடத்துவது? யாருமே எழுந்து வராவிட்டால்? வந்தவர் கோமாளித்தனம் செய்தால்?

கட்டியம் எழுதியது:

நெறியாளர் ஆறாவது ஆளாக இருக்கட்டும். நடிகரில் ஒருவரே இரண்டையும் செய்தால், அவர் கேள்வி கேட்கும்போதும் பிள்ளைகள் கண்ணுக்குப் பாத்திரமாகவே தெரிவார்.

யாரும் வராமல் போவதற்குக் காரணம், உட்கார்ந்திருப்பவரை ஒரே தாவலில் மேடைக்குக் கூப்பிடுவது. படிப்படியாக ஏற்றுங்கள். நாடகத்துக்கு முன்பே மூன்று நிமிடம் எல்லோரும் உட்கார்ந்த இடத்திலேயே செய்யும் விளையாட்டு, அதிலும் "நிறுத்து" என்று எல்லோரும் சேர்ந்து கத்திப் பழகும் ஒன்று. முதல் ஓட்டம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசச் சொல்லுங்கள்: "அவன் எந்த இடத்தில் வேறு ஏதாவது செய்திருக்கலாம்?" அடுத்து, இடத்தில் இருந்தபடியே ஒரு வசனம் தரச் சொல்லுங்கள், நடிகர் அதை நடித்துக் காட்டுவார். வந்த வசனம் வேலை செய்யவில்லை என்றால், "இவர் சொன்ன விதம் சரியில்லையோ? நீங்களே சொல்லிக் காட்டுங்களேன்" என்று அந்த மாணவரை இருந்த இடத்திலேயே எழுப்புங்கள். எழுந்தவர் நாலடி நடப்பது அப்புறம் பெரிய விஷயமில்லை. முதல் ஆள் வந்துவிட்டால் அடுத்தடுத்து வருவார்கள்.

ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு நிமிடம், அதிகபட்சம் மூன்று. நான்கு முயற்சி கிடைத்தால் நல்ல அமர்வு. ஒவ்வொன்றுக்கும் கைதட்டுங்கள், உடனே அரங்கைக் கேளுங்கள்: "இது வெளியே நடக்குமா?" நெறியாளர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "சரியான பதில்" என்ற சொல் வாயில் வந்த நொடியே அது வகுப்பறை ஆகிவிடும். கோமாளித்தனத்துக்கும் இதே கேள்விதான் மருந்து. கராத்தே அடித்து எல்லோரையும் விரட்டும் மாணவரைத் திட்ட வேண்டாம். "சரி, நாளைக்கு அதே பேருந்தில் அவன்களோடுதான் போகணும். இப்ப என்ன?" என்று கேட்டு நடிகர்களை அடுத்த நாள் காட்சியைத் தொடரச் சொல்லுங்கள். விளையாட்டாக வந்தவரே பல நேரம் அங்கே யோசிக்கத் தொடங்குவார். ஒரே அடியில் எல்லாம் சரியாகிவிடும் வகைத் தீர்வுகளை போவாலும் மந்திரம் என்றுதான் சொன்னார்.

வற்புறுத்துபவன் வேடத்துக்குத்தான் ஒத்திகை அதிகம் தேவை. மாணவர் ஒரு வரி சொன்னதும் அவர் மடங்கிவிட்டால் யாருக்கும் நம்பிக்கை வராது. கடைசி வரை விடாமல் நெருக்கினால் வந்த பிள்ளை எல்லார் முன்னாலும் தோற்றுத் திரும்பும், அடுத்த ஆள் வராது. இரண்டு தடவை எதிர்த்துப் பேசட்டும், நல்ல நகர்வு என்றால் மூன்றாவதில் தளரட்டும். வரக்கூடிய பத்துப் பன்னிரண்டு நகர்வுகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் பழகுங்கள்: சாக்குச் சொல்லி நழுவுவது, பேச்சை மாற்றுவது, நண்பனை இழுத்துக்கொண்டு போவது, நேராக மறுப்பது, கிண்டலாக மறுப்பது, பெரியவரிடம் சொல்வது. ஒத்திகை நேரத்தில் பாதி இதற்குப் போக வேண்டும். பிரதியை மெருகேற்றுவதிலேயே மூன்று வாரம் ஓட்டிவிட்டு, இதைக் கடைசி நாளில் தொடுவதுதான் வழக்கமாக நடப்பது.

ஒன்றில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மாணவர்களையே நடிக்கவைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நாயகன், நண்பன் வேடங்களுக்குச் சரி, பேச்சு இயல்பாக வரும். வற்புறுத்துபவன் வேடத்தை அதே பள்ளி மாணவருக்குத் தராதீர்கள், பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும். யார் நடித்தாலும் முடிவில் வேடத்தைக் களைவதை எல்லோர் முன்னாலும் செய்யுங்கள். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்து, சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகு பேசட்டும்.

பிரதியை அந்த வயதுப் பிள்ளைகள் ஆறேழு பேருக்கு இரண்டு வாரம் முன்பே படித்துக் காட்டிவிடுங்கள். பெரியவர்கள் எழுதும் "டேய் மச்சி" வசனத்தில் எது பொய் என்று அவர்கள் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள். ஆசிரியர்கள் பின்வரிசையில் உட்காரட்டும். ஓரத்தில் நின்று முறைத்தால் ஒரு கை எழாது.

திரைக்குப்பின் எழுதியது:

மாணவர் நடிப்பது பற்றி ஒரு திருத்தம். பார்க்கும் பிள்ளைகளின் அதே வகுப்பிலிருந்து நடிகர்களை எடுக்க வேண்டாம். இரண்டு வகுப்பு மேலே உள்ளவர்கள் நடித்தால், சின்னவர்கள் பெரியவர் குழுவுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் கவனம் கொடுப்பார்கள். வற்புறுத்துபவனுக்கு மட்டும் வெளியாளைப் போட்டுக்கொள்ளலாம்.

அளவுகோல் எழுதியது:

பலனை அளப்பது பற்றி. "நாடகம் பிடித்ததா?" என்று கேட்டால் பிடித்தது என்பார்கள், அதிலிருந்து எதுவும் தெரியாது. ஐந்தே கேள்வி உள்ள தாளை மூன்று தடவை கொடுங்கள்: ஒரு வாரம் முன்பு, முடிந்த மறுநாள், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து. அரங்கைவிட்டு வெளியேறும் வாசலில் கேட்பது சூடு ஆறாத பதிலைத்தான் தரும்.

இரண்டு கேள்வி தகவல் பற்றி, மேலே சொன்ன நீராவி, பதற்றம் இரண்டையும் சரி/தவறு என்று கேட்கலாம். ஒன்று, "விட நினைத்தால் யாரிடம் போவாய்?" இன்னொன்று, "உன் வகுப்பில் பத்துப் பேரில் எத்தனை பேர் புகைப்பதாக நினைக்கிறாய்?" ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம்: "நண்பன் நீட்டினால் நீ சொல்லப்போகும் வரியை அப்படியே எழுது." முன்பு "வேண்டாம் என்பேன்" என்று பொதுவாக எழுதியவர்களில் எத்தனை பேர் பின்பு வாயில் வரக்கூடிய நிஜ வசனத்தை எழுதுகிறார்கள் என்று எண்ணுங்கள். நாடகம் ஒத்திகை பார்க்கவைத்தது அதைத்தான், அதனால் அளக்க வேண்டியதும் அதுதான்.

பெயர் எழுதவைத்தால் உண்மை வராது, பெயரே இல்லாவிட்டால் மூன்று தாளை ஒருவருடையது என்று சேர்க்க முடியாது. அதனால் ஒரு குறியீடு: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதியின் நாள், அலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். வேறு ஒரு வகுப்புக்கும் அதே தாளைக் கொடுங்கள், அவர்களுக்கு நாடகம் எட்டு வாரம் கழித்து. அந்த வகுப்பிலும் அதே அளவு மாற்றம் தெரிந்தால் அது நாடகத்தால் வந்ததல்ல. 60, 70 பேர் தாளை வைத்துக்கொண்டு சதவீதம் அறிவிக்காதீர்கள், எண்ணிக்கையாகவே சொல்லுங்கள்.

எதிர்பார்ப்பும் அளவோடு இருக்கட்டும். ஒரே காட்சியால் தகவலும் பேச்சும் மாறலாம், பழக்கம் மாறுவது அரிது. ஒரு வாரத்துக்குள் வகுப்பில் ஒரு பாடவேளை, இன்னும் இரண்டு வாரம் கழித்து ஒன்று என்று ஆசிரியருக்குத் திட்டம் கொடுத்துவிட்டு வாருங்கள். முதல் பாடத்தில் மாணவர்கள் இருவர் இருவராக அதே காட்சியைத் தங்கள் சொந்த வரிகளால் நடித்துப் பார்ப்பது போதும்.

வெள்ளைத்திரை எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே முறையில் அடுத்து மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றிச் செய்யலாமா?

பள்ளிச்செவிலி எழுதியது:

தற்கொலையை விவாத அரங்கில் எடுக்கவே வேண்டாம். அந்த நிலையில் இருக்கும் பிள்ளை எழுந்து வந்து நாயகன் இடத்தில் நின்றால் அங்கேயே தாங்கிப் பிடிக்க உங்களிடம் ஆள் இருக்காது. முயற்சியையும் முறையையும் மேடையில் காட்டுவது பின்பற்றும் ஆபத்தைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்குத் தந்திருக்கும் வழிகாட்டுதல்கள் இதில் தெளிவாக இருக்கின்றன: முறையை விவரிக்காதே, அதைத் தீர்வாகக் காட்டாதே, உதவி எங்கே கிடைக்கும் என்று சொல். நெருக்கடியில் இருந்தவர் அதைக் கடந்து வந்த கதைகள் காப்பாக அமையக்கூடும் என்று வியன்னா ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வு சுட்டியது. செய்வதானால் நண்பனின் இடத்திலிருந்து செய்யுங்கள்: சோர்ந்திருக்கும் தோழியிடம் எப்படிக் கேட்பது, கேட்டபின் எந்தப் பெரியவரிடம் சேர்ப்பது. மனநல ஆலோசகர் ஒத்திகையிலும் அரங்கிலும் உடன் இருந்தால் மட்டும்.

முதல்மணி எழுதியது:

கடைசியாக ஒன்று. 90 நிமிடம் கேட்டிருக்கிறோம். 45 நிமிடப் பாடவேளை ஒன்றுதான் கிடைக்கும் என்று வந்தால் எதை வெட்டுவது?

கட்டியம் எழுதியது:

நாடகத்தை வெட்டுங்கள், மறு ஓட்டத்தைத் தொடாதீர்கள். உட்கார 5 நிமிடம் போய்விடும், அதற்குள்ளேயே அந்த "நிறுத்து" விளையாட்டை முடித்துவிடுங்கள். நாடகம் 12, பக்கத்தவரோடு பேச்சு 1, மறு ஓட்டமும் மூன்று முயற்சியும் 17, சீட்டு எழுத 3, இரண்டு மூன்று சீட்டுக்குப் பதில் 4, வேடம் களைந்து பொறுப்பாளரை அறிமுகம் செய்ய 3. மணி அடித்ததும் யாரும் உட்கார மாட்டார்கள், அதனால் அறிமுகம் சீட்டுக்கு முன்னால் வரட்டும். உங்கள் கதையில் வீட்டில் பொய் சொல்லும் காட்சியை எடுத்துவிட்டு, மைதானத்தில் கை நீட்டும் காட்சியையும் அடுத்த நாள் மூச்சு வாங்கும் காட்சியையும் வைத்துக்கொண்டால் 12 நிமிடத்தில் அடங்கும்.